மேலிடம் மறுத்த கடிதம்

முதல் உலகப்போரின் வரலாற்றில் 'வெள்ளை வெள்ளி' என்று ஒரு நாளைக் குறிப்பிடுவர். 1916 டிசம்பர் 13. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் அது புதன்கிழமை! பெயர் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. நான் இங்கே சொல்ல விரும்புவது அந்நாளுக்கு முன்னர் எழுதப்பட்ட ஒரு கடிதத்தைப் பற்றி.

டோலமைட் மலைத்தொடரின் உச்சமான மர்மோலாதா அன்று இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கும் இடையிலான போர்முனை. அதன் சாரலில், கிரான் போஸ் என்னுமிடத்தில், ஆஸ்திரியப் படையினருக்கு மரக்குடில்கள் கட்டப்பட்டன. இத்தாலியப் பீரங்கிகளுக்கு மறைவான இடம். போர்க்கலை நோக்கில் குறை கூற இயலாது. ஆனால் தலைக்கு மேலே பனி தாங்கிய செங்குத்தான மலைமுகம். அங்கிருந்த படைப்பிரிவின் தலைவர் கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட், வேறிடம் தருமாறு மேலிடத்துக்கு எழுதினார். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. டிசம்பரில் நாள்கணக்கில் பனி கொட்டியது. அதன்மேல் வெப்பக்காற்றும் மழையும் வந்தன. நீர் குடித்த புதுப்பனி கனத்தது. 13ஆம் நாள் விடியுமுன், வீரர்கள் உறங்கிக்கொண்டிருந்த குடில்கள் மீது அது சரிந்து விழுந்தது. ஏறத்தாழ 270 பேர் மாண்டனர்.

அந்த டிசம்பரில் ஆல்ப்ஸ் போர்முனை முழுவதிலும் பத்தாயிரம் வீரர்கள் பனியில் மடிந்ததாக நூலுக்கு நூல் எழுதிச் செல்கின்றனர். அவ்வெண் மிகையானது, சில ஆயிரம் என்பதே பொருந்தும். துயரத்தைப் பெருக்கிக் காட்ட வேண்டிய தேவை ஏதுமில்லை.

ஷ்மிட்டிடம் இருந்தது மலைவாசிகளின் பட்டறிவு. மேலதிகாரியை மறுக்க முடியாதபடி செய்யும் அளவையோ சான்றோ அன்று இல்லை. அது உருவாக மேலும் இருபதாண்டுகள் ஆயின. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே, 2,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், வைஸ்ஃப்ளூயோஹ் என்னுமிடத்தில் 1936 முதல் சில அறிவியலாளர்கள் பனியைத் தோண்டி அடுக்கடுக்காக அளக்கத் தொடங்கினர். ஹென்றி பாடரும் அவர்தம் தோழர்களும் 1939இல் வெளியிட்ட நூல், விழுந்த பனி விழுந்தபடியே கிடப்பதில்லை என்று விளக்கியது. (முன்பனி, பின்பனி என்று பருவம் பிரித்த நம் மொழியில் காலைப் பனித்துளிக்கும் இமயத்துப் பனிக்கும் ஒரே சொல்தான். இங்கே அது சற்றே இடர் தருகிறது.) தரையை ஒட்டிய பனி வெதுவெதுப்பாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கையில், நீராவி கீழிருந்து மேலேறுகிறது. அடியிலுள்ள மணிகள் ஒன்றையொன்று பற்றும் பிடியை இழந்து, சர்க்கரை போல் உதிரியாகின்றன. அதன்மேல் காற்று இறுக்கிய பனி பலகைபோல் படிகிறது. பார்வைக்கு உறுதியான வெண்ணிலம், அடித்தளமோ மணல்வீடு. ஒருவர் கால் பதித்தாலே பலகை உடைந்து பெயரக்கூடும். இன்று ஆளரவமற்ற மலைகளில் பனிச்சறுக்கச் சென்று சரிவில் சிக்குவோரில் பத்தில் ஒன்பது பேர், தம் எடையாலோ உடன்வந்தோர் எடையாலோதான் அதைக் கிளப்பிவிடுகின்றனர்.

இரண்டாம் உலகப்போரில் ஸ்விஸ் இராணுவமே பனிச்சரிவு எச்சரிக்கைப் பணியை நடத்திற்று. 1945இல் அது டாவோஸ் ஆய்வு நிறுவனத்தின் கைக்கு வந்தது. எனினும் 1950-51 குளிர்காலத்தில் அந்நாட்டில் 98 பேர் இறந்தனர். அதன்பின் அபாயப் பகுதிகள் வரைபடமாயின. ஊர்களுக்கு மேலே தடுப்புவேலிகள் எழுந்தன. 1999இல் மீண்டும் அத்தகைய பெரும்பனி பெய்தபோது வீடுகளிலும் சாலைகளிலும் இறந்தோர் 17 பேர்.

அப்பதினேழில் பன்னிருவர் எவோலேன் என்னும் ஊரில் மாண்டவர்கள். அபாயம் தெரிந்தும் சாலையை மூடவில்லை, மக்களை வெளியேற்றவில்லை என்று ஊராட்சித் தலைவர் மீதும் பாதுகாப்புப் பொறுப்பாளர் மீதும் வழக்கு நடந்தது. இருவரும் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை நாட்டின் உச்ச நீதிமன்றம் 2006இல் உறுதிசெய்தது.