மரப் பயணியர் கொட்டகை (மாதிரி ரயில்)

மாதிரி ரயில் அமைப்புகளில், ஆயத்தத் தொகுப்பு வாங்காமல் தகடு, குச்சி, காகிதம் ஆகியவற்றை வெட்டி ஒட்டி உருவாக்கும் சிறு நிலையக் கட்டடம். மூன்று சுவர், சரிந்த கூரை, உள்ளே ஒரு பெஞ்சு என அமைப்பு எளிது. கைவேலை பழகுவோருக்கு ஏற்றது.

மூலம்: பிரிட்டனில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1903-இல் ஸ்ட்ரௌட் பகுதியில் நீராவி ரயில்கார்களை ஓட்டத் தொடங்கியபின், சிறு நிறுத்தங்கள் பெருகின. அவற்றில் பலவற்றில் மரத்தாலோ நெளிதகட்டாலோ ஆன கொட்டகையே ஒரே கட்டடம்.

அளவு: பிரிட்டனில் பரவலான ஓஓ அளவில் (1:76.2) ஓர் அடி 4 மி.மீ. ஆகும். 12 அடிக்கு 6 அடிக் கொட்டகை 48 × 24 மி.மீ.; எச்ஓ அளவில் (1:87) ஏறத்தாழ 42 × 21 மி.மீ. வரைபடம் கிடைக்காவிடில், பழைய படத்தில் பலகைகளை எண்ணி, ஒரு பலகையின் அகலத்தால் பெருக்கிச் சுவரின் உயரத்தைக் கணிப்பர்.

கட்டுமானம்: 1 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் 2 மி.மீ. இடைவெளியில் கீறினால், ஓஓ அளவில் 6 அங்குலப் பலகைச் சுவர் கிடைக்கும். கத்தியின் கூர்விளிம்பு பள்ளத்தின் இருபுறமும் பிசிறு எழுப்பும். அலகின் முதுகால் இழுத்தால் பிளாஸ்டிக் இழையாகச் சுருண்டு வெளிவரும். மூலைகளில் சதுரக் குச்சி வைத்துக் கரைப்பானால் இணைப்பர்; கரைப்பான் மிகுந்தால் தகடு வளையும். தார்த்தாள் கூரைக்கு மெல்லிய காகிதப் பட்டைகளைக் கீழிருந்து மேலாக, விளிம்பின்மேல் விளிம்பு ஏறும்படி ஒட்டுவர். உட்புறத்துக்குக் கூரை போடுமுன்பே வண்ணம் பூசுவது வழக்கம். நீர்த்த பழுப்பு வண்ணம் கீறல்களில் தங்கிப் பலகை இடுக்குகளைத் துலக்கும்.