அட்டைப்படமும் ஒரு அனுமதிக் கடிதமும்

இந்த மலரின் அட்டையைத் திருப்பும் முன் ஒரு நிமிஷம் அதைப் பாருங்கள். நம் கல்லூரி முன்வாசல் ஆலமரமும், அதன் அடியில் சாய்த்து வைத்த சைக்கிள்களும். வரைந்தவன் என் வகுப்புத் தோழன், 1976-79 வரலாறு. இதே படம் 1979 ஆண்டு மலரின் அட்டையிலும் வந்தது. சிலருக்கு ஞாபகம் இருக்கும். அன்றைய மாணவ ஆசிரியர் அடியேன்தான். விடுதி அறைச் சுவரில் அவன் ஒட்டி வைத்திருந்ததை உரித்தெடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல், பிளாக் எடுக்க அனுப்பிவிட்டேன். விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று கீழே ஒரு அங்குலம் வெட்டினோம். அதோடு அவன் கையெழுத்தும் போயிற்று. "பரவாயில்லடா" என்றான். அதற்குப் பிறகு எந்த மலருக்கும் அவன் படம் தரவில்லை.

இந்த முறை முறையாக அனுமதி வாங்குவோம் என்று மலர்க் குழுவில் சொன்னேன். "நம்ம பையன் வரைஞ்ச படத்துக்கு நாமளே அனுமதி கேக்கணுமா?" என்றார் ஒரு நண்பர். அவருக்குச் சொன்ன கதையையே இங்கும் எழுதுகிறேன்.

பாரதியாரின் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம் என்பது நமக்கெல்லாம் பழகிப் போன சங்கதி. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1921இல் அவர் மறைந்தபோது, தம் நூல்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீடு வீடாகப் போகும் என்ற கனவு கனவாகவே நின்றது. செல்லம்மா பாரதி சில நூல்களை வெளியிட்டுப் பார்த்தார், கைப்பிடிக்கவில்லை. நூலுரிமை பின்னர் பாரதியின் தம்பி சி. விசுவநாதனிடம் வந்தது. அவர் 1934இல், பாடல்களை ஒலிபரப்பும் உரிமையை மட்டும் ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரிக்கு 450 ரூபாய்க்குக் கொடுத்தார். ரேடியோவும் பேசும் படமும் எங்கே போய் நிற்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? 1946இல் அதே உரிமையை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 9,500 ரூபாய்க்கு வாங்கினார். 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஊரெல்லாம் ஒலித்தன.

வம்பு அடுத்த வருஷம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற, உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். தரப்பு ஆட்சேபித்தது. டி.கே. சண்முகம் விடவில்லை. வ.ரா., நாரண துரைக்கண்ணன் போன்றோரும் சேர்ந்து, பாரதி நாட்டுக்குப் பொது என்று இயக்கமே நடத்தினார்கள். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: அவர்கள் மேடையில் முழங்கியதோடு நிற்காமல் செல்லம்மாவிடம் போய், அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கினார்கள். ஊரே கொண்டாடிய கவிஞரின் மனைவியிடம் முறையாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள்!

1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் தம் பங்கைப் பணம் வாங்காமலே விட்டுக் கொடுத்தார். கதையில் அவரை வில்லனாக்குவது சுலபம், நியாயமில்லை. விசுவநாதனையும் குறை சொல்ல மாட்டேன். யாரும் சீந்தாத காலத்தில் அச்சுக்கூடத்துக்கு அலைந்தவர் அவர். 1955இல் அரசு நூல்களைப் பொதுவுடைமை ஆக்கியது. இல்லையேல் அன்றைய சட்டப்படி 1971 முடிய நாம் கையேந்தியிருக்க வேண்டும்.

நண்பர் விடவில்லை. "அது மகாகவி. நம்ம ஆளு?" என்றார். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. 1957ஆம் வருஷச் சட்டப்படி, ஓவியத்தை ஒருவர் விலைக்கு வாங்கினாலும் அதை அச்சிடும் உரிமை தானாகக் கூடவே வந்துவிடாது. உரிமை ஓவியர் மறைந்தபின் 60 வருஷம். முன்பு 50தான், தாகூரின் நூல்களுக்கு 1991உடன் கெடு முடியவிருந்ததால் நீட்டினார்கள். என் நண்பன் காலமானது 2016இல். கணக்குப் போட்டால் 2076 முடிய அவன் குடும்பத்துக்கு.

ஆகவே அவன் மகளுக்குக் கடிதம் எழுதினேன். இந்த ஒரு மலருக்கு, ஒரு முறை, 800 பிரதிகள், விற்பனைக்கல்ல என்று அளவு குறித்தே கேட்டேன். காலவரை சொல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த 450 ரூபாய் இருக்கிறதே. 1979 சமாசாரத்தையும் ஒளிக்காமல் எழுதினேன்.

போனில் பேசினார். "அங்கிள், அந்தப் பழைய மலரை அப்பா பத்திரமா வச்சிருந்தாரு. கீழே வெட்டின இடத்துல பேனாவால அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு." எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுவாரம் கடிதம் வந்தது. பணம் வேண்டாம், படத்தில் எந்தப் பக்கமும் வெட்டக் கூடாது, இரண்டு பிரதி அனுப்ப வேண்டும். அச்சகத்தில் நானே உட்கார்ந்து புரூப் பார்த்தேன். வலது மூலையில், கடைசி சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் கீழே பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கிறது.