கோலார் மின்பாதையும் மின்னற் காப்பும்

சிவசமுத்திர நீர்மின் நிலையத்தைப் போற்றும் வரலாற்றாசிரியர்கள், அங்கிருந்து கோலார்த் தங்கவயல்வரை சென்ற கம்பிகளை அத்துணை கவனித்தாரல்லர். 1902 சூன் மாதத்தில், காவிரியின் வீழ்ச்சியிற் பிறந்த மின்சாரம் 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீற்றர், கடந்து சுரங்கங்களை அடைந்தது. 30,000 வோல்ற்றுக்குக் குறையாத அழுத்தத்தில் இவ்வளவு தூரம் மின்சாரத்தைச் செலுத்துதல் அன்று உலகிலேயே அரிய முயற்சியாகும். இதற்கு ஆதரவளித்த திவான் சேஷாத்திரி ஐயர், நிறைவைக் காணாமலே 1901இல் மறைந்தார்.

1905இல் பெங்களூரும் இதே நிலையத்தினால் ஒளி பெற்றது. ஆயினும், தெருவிளக்கு அணைவதும் சுரங்கத்தில் மின்சாரம் அறுவதும் ஒன்றல்ல. ஆழம் பெருகப் பெருக, நீரிறைத்தலும் காற்றோட்டமும் மின்சாரத்தையே நம்பலாயின. சம்பியன் றீவ் சுரங்கம் பிற்காலத்தில் 3,000 மீற்றருக்கும் கீழே இறங்கிற்று. அங்கு உழைத்தோருட் பெருந்தொகையினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். கம்பியின் காப்பு அவர்தம் உயிரின் காப்புமாயிற்று.

மைசூர் மேட்டுநிலத்திலே சித்திரை, வைகாசி மாதங்களில் இடிமழை மிகுதி. மின்னலால் எழும் மிகையழுத்தம் கம்பிவழி அலையாய் ஓடிக் காவலிகளைப் பிளக்கும், நிலைமாற்றிகளையும் பழுதாக்கும். அக்காலப் பொறியியலாளர் பரவலாகக் கையாண்ட காப்புகளுள் ஒன்று கொம்பிடைவெளி. கொம்புபோல் மேனோக்கி விரியும் இரு உலோகக் கோல்களுள் ஒன்று கம்பியுடனும் மற்றையது நிலத்துடனும் தொடுக்கப்படும். வழக்கமான அழுத்தம் அடியிலுள்ள குறுகிய இடைவெளியைத் தாண்டாது, மிகையழுத்தம் தாண்டும். அப்போது தோன்றும் மின்வில் தன் வெப்பத்தால் மேலெழுந்து, நீண்டு, தானே அறும். எளிமையான, அழகான உபாயம். ஆனால் நேரே விழும் இடிக்குப் போதாதது.

கம்பிக்கு அருகே விழும் மின்னலின் தூண்டலே முதன்மையான ஆபத்தென்று நெடுங்காலம் கருதப்பட்டது. நேரடித் தாக்கமே உயரழுத்தப் பாதைகளின் பெரும்பகை என 1930இல் அமெரிக்கப் பொறியியலாளர் போட்டெஸ்கியூ வலியுறுத்தினார். அதன்பின், மின்கம்பிகளுக்கு மேலே நிலத்தொடுப்புள்ள காப்புக்கம்பியைச் செலுத்தும் வழக்கம் உறுதிபெற்றது. எனினும், மேலே கம்பியை இழுத்துவிட்டால் மட்டும் போதாது. பாறை நிலத்தின் மின்தடை பெரிது. இடியைத் தாங்கிய கோபுரத்தின் அழுத்தம் உயர்ந்து, மின்பொறி கோபுரத்திலிருந்து கம்பிக்கே பின்னோக்கிப் பாயக்கூடும். அதனாலேயே, அத்தகைய நிலங்களில் கோபுர அடியிலிருந்து நீண்ட உலோகக் கம்பிகள் மண்ணுள் புதைக்கப்படுகின்றன.