விண்டோஸ் ஆன் ஆகலையா? ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்க!

சிஸ்டம் ஃபைலை மாற்றியதால் கம்ப்யூட்டர் நீலத்திரையிலேயே நிற்கிறதா? பதற வேண்டாம். கெட்டுப்போனது விண்டோஸ்தான், உங்கள் போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட் ஃபைலால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் நுழைந்து அந்த ஃபைலை மட்டும் அழித்ததும் கம்ப்யூட்டர்கள் மீண்டன.

காட்டூரில் உங்கள் வீட்டு லேப்டாப்புக்கும் முதல் வழி இதே மாதிரிதான்:

1. விண்டோஸ் லோகோ வந்ததும் பவர் பட்டனை 10 நொடி அழுத்தி ஆஃப் செய்யுங்கள். 2, 3 முறை இப்படிச் செய்தால் ரெக்கவரி திரை வரும்.

2. டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுங்கள்.

3. சரியாகலைன்னா 'சிஸ்டம் ரீஸ்டோர்'. ஃபைலை மாற்றியதற்கு முந்தைய தேதி இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள்.

4. பிட்லாக்கர் கீ கேட்கிறதா? அந்த 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும், மொபைலிலேயே பார்க்கலாம்.

5. கடைசி வழி 'ரீசெட்'. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' மட்டும் கொடுங்கள். ஆப்கள் போகும், ஃபைல்கள் தங்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்தால் எல்லாமே போயிடும்!