ஐடாஹோவிலிருந்து உடுப்பி வரை: ஒரு மார்மன் வழக்கின் இந்தியப் பயணம்

போன எபிசோடில் ஓசூர், சேலம் மாவட்டத்துக்குள் இருந்த காலத்தைப் பற்றிப் பேசினோம். இன்னைக்கும் அதே எல்லைதான். ஆனா கொஞ்சம் தூரமா, அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வரப்போறோம்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி நாற்பது கிலோமீட்டர் போனா பெங்களூரு. 2018 ஏப்ரல்ல, இந்தியாவின் முதல் மார்மன் ஆலயம் அங்கேதான் கட்டப்படும்னு அறிவிச்சாங்க. மார்மன்கள் என்று ஊர் சொல்றவங்களோட முழுப்பேர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பெங்களூரு செய்தியைப் படிச்ச பலரும் இவங்க நம்ம பக்கத்துக்குப் புதுசுன்னு நினைச்சாங்க. புதுசே இல்லை.

1852 ஆகஸ்ட் 28, 29. சால்ட் லேக் சிட்டியில ஒரு மாநாடு. அதுல ரெண்டு விஷயம் நடந்தது. உலகத்தின் பல மூலைகளுக்கு ஊழியக்காரர்களை நியமிச்சாங்க, அதுல இந்தியாவும் உண்டு. அடுத்த நாளே, ஆண்கள் பல பெண்களை மணக்கலாம் என்பது தங்கள் கோட்பாடுன்னு முதல்முறையா வெளிப்படையா அறிவிச்சாங்க. ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் சகாக்களோட 1853ல மெட்ராஸ் வந்து இறங்கினார். மாதப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் எல்லாம் போட்டுப் பார்த்தார். வெள்ளைக்கார பாதிரிமாருக்கு ஆயுதம் கையிலேயே கொடுத்த மாதிரி ஆயிடுச்சு: "இத்தனை பொண்டாட்டி கட்டறவன் சொல்றதையா கேட்கப்போறீங்க?" அடுத்த வருஷமே பாலன்டைன் கப்பலேறிட்டார். மனுஷர் போயிட்டார், விவாதம் போகலை. நூறு வருஷம் கழிச்சு, நீதிமன்றம் வழியா அது திரும்பி வந்தது.

எப்படின்னு பார்ப்போம். பலதார மணத்தை அமெரிக்க அரசு குற்றமாக்கினது. அது தங்கள் மதக் கடமைன்னு சொல்லி மார்மன்கள் உச்ச நீதிமன்றம் போனாங்க. ஜார்ஜ் ரெனால்ட்ஸ் வழக்கு, தீர்ப்பு 1879. நம்பிக்கையில அரசு தலையிடாது, நடத்தையில தலையிடும்னு நீதிமன்றம் சொன்னது. அதுக்கு உதாரணமா என்ன காட்டினாங்க தெரியுமா? கணவனின் சிதையில மனைவி ஏறுவதை. நம்ம ஊர்ச் சங்கதியைக் காட்டித்தான் மார்மன்களை மடக்கினாங்க. அதோட நிக்கலை. பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களோட வழக்கம்னும் எழுதினாங்க. பெண்களுக்கு நல்லது செய்யறோம் என்ற வாதத்துக்குள்ளேயே இனத் திமிரும் சேர்ந்தே இருந்தது. அதைப் பிரிச்சுப் பார்க்காம இந்த வரலாற்றைப் படிக்க முடியாது என்பது என் கருத்து.

இந்த வழக்குல எனக்கு மறக்காத விஷயம் ஒண்ணு. ரெனால்ட்ஸின் இரண்டாவது மனைவி அமேலியா ஷோஃபீல்ட். முதல் விசாரணையில சாட்சி சொன்னவங்க. இரண்டாவது விசாரணைக்கு சம்மன் கொடுக்கத் தேடினப்போ அவங்களைக் கண்டுபிடிக்க முடியலை. பழைய சாட்சியத்தை எடுத்து வாசிச்சுட்டாங்க. அவங்க கல்யாணத்தைப் பத்தின வழக்கு, அவங்க இல்லாமலே முடிஞ்சது.

அடுத்து 1890. ஐடாஹோவில் சாமுவேல் டேவிஸ். இவர் பல பெண்களை மணந்ததா வழக்கே இல்லை. பலதார மணத்தைப் போதிக்கிற அமைப்பில் நான் இல்லைன்னு வாக்காளரா சத்தியம் பண்ணினார். மார்மனா இருந்துக்கிட்டு அப்படிச் சொன்னதுதான் குற்றம். மதம் என்றால் மனிதனுக்கும் படைத்தவனுக்கும் உள்ள உறவு பற்றிய கருத்து மட்டும்தான் என்கிற அளவுக்கு அந்தத் தீர்ப்பு மதத்தைச் சுருக்கிடுச்சு. அதே வருஷம் சபை பலதார மணத்தை நிறுத்துவதாக அறிவிச்சது.

இங்கே வருவோம். இந்து ஆண்கள் இரண்டாம் கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு பம்பாயில் 1946லயும் மெட்ராஸில் 1949லயும் சட்டம் வந்தது. ஓசூர் அப்போ மெட்ராஸ் மாகாணம். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் மைசூர், அங்கே இந்தச் சட்டம் கிடையாது. இரண்டு ஊருக்கும் பொதுவான தடை 1955 இந்து திருமணச் சட்டத்தோடதான் வந்தது. ஒரே ஜாதி, ஒரே குடும்பம், எல்லையின் இரண்டு பக்கமும் சம்பந்தம். ஆனா ஒரு பொண்ணுக்கு இருக்கிற உரிமை, அவளைக் கட்டிக்கொடுத்த ஊரைப் பொறுத்து மாறினது.

பம்பாய்ச் சட்டத்தை எதிர்த்தவங்க, பிள்ளை இல்லாட்டி இன்னொரு மனைவி மதப்படி அவசியம்னு வாதாடினாங்க. 1951ல தலைமை நீதிபதி சாக்ளா, தத்து எடுத்துக்கலாமேன்னு பதில் சொன்னார். அதோட டேவிஸ் வழக்கையும் துணைக்கு எடுத்துக்கிட்டார். சட்டம் நின்னது.

மூணு வருஷம் கழிச்சு கதை திரும்பினது. மெட்ராஸ் அரசின் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பி சிரூர் மடம் வழக்கு போட்டது. உடுப்பி அப்போ மெட்ராஸ் மாகாணத்துலதான் இருந்தது. அங்கேயும் டேவிஸ் வழக்கு வந்தது. இந்த விளக்கம் சரியானதும் இல்லை, போதுமானதும் இல்லைன்னு நீதிபதி முகர்ஜியா ஒதுக்கினார். சடங்கு, பூஜை, உணவு எல்லாமே மதத்தின் பகுதியா இருக்கலாம். எது அத்தியாவசியம் என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டை வெச்சே பார்க்கணும் என்றார்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கோட்பாட்டை யார் சொல்றது? மடாதிபதியா, நீதிபதியா? பெண்கள் எங்கே நிக்கறாங்க? 2018 சபரிமலைத் தீர்ப்பில் இதுதான் வெடிச்சது. பெண்களை அனுமதிக்கச் சொன்ன நாலு பேரும் ஆண்கள். மறுத்த ஒரே நீதிபதி இந்து மல்ஹோத்ரா, அமர்வில் இருந்த ஒரே பெண். இதை வெச்சு எந்தப் பக்கமும் சுலபமா வெற்றி கொண்டாட முடியாது.

மார்மன் பெண்கள் இதே கேள்வியை நீதிமன்றத்துக்குப் போகாம, சபைக்குள்ளேயே கேட்டாங்க. அந்தச் சபையில ஆசாரியத்துவம் ஆண்களுக்கு மட்டும். கறுப்பின ஆண்களுக்கே 1978லதான் கிடைச்சது. அது மாறலாம்னா இது ஏன் மாறக்கூடாதுன்னு கேட்ட பெண்கள் உண்டு. 2013ல கேட் கெல்லி என்ற வழக்கறிஞர் சில பெண்களோட ஓர் இயக்கம் தொடங்கினார். தலைவர்கள் இதைப் பத்தி ஜெபிச்சு இறைவெளிப்பாடு கேட்கணும், அதுதான் கோரிக்கை. 2014 ஜூன்ல மூணு ஆண்கள் உட்கார்ந்து, அவர் அங்கே இல்லாமலே, அவரைச் சபையிலிருந்து நீக்கினாங்க.

2019 அக்டோபரில், ஞானஸ்நானத்துக்குப் பெண்களும் சாட்சியா நிக்கலாம்னு சபை அறிவிச்சது. ஆசாரியத்துவம் பத்தின விதி மாறலை.