புலம்பல் புத்தகமும் நானும்

நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவி காலமானபோது துக்கம் விசாரிக்க வந்த சபைக்காரர் ஒருவர், "அழாதீங்க சார், அழுதா அது அவிசுவாசம்" என்றார். நல்ல மனிதர்தான், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் கேள்விதான் வரும். கேட்பது தப்போ என்று எழுந்துவிடுவேன்.

அந்த நாட்களில்தான் புலம்பல் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். சரித்திர வாத்தியாராக இருந்தவன் ஆகையால், எந்தச் சூழ்நிலையில் எழுதினார்கள் என்று முதலில் பார்ப்பது என் பழக்கம்.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், சிதேக்கியா அரசாண்ட 9-ஆம் வருடத்தில் எருசலேமை முற்றுகையிட்டான். 11-ஆம் வருடத்தில் மதில் உடைந்தது. கி.மு. 587 அல்லது 586 என்கிறார்கள். இடையில் ஒன்றரை வருடப் பட்டினி. சிதேக்கியாவின் கண்ணெதிரே பிள்ளைகளைக் கொன்று, பிறகு அவன் கண்களையும் பிடுங்கினார்கள். சாலொமோன் கட்டிய ஆலயம் எரிந்தது.

லாகீசும் அசெக்காவும் மட்டுமே மிஞ்சிய அரணான பட்டணங்கள் என்று எரேமியா ஓரிடத்தில் சொல்கிறார். 1935-ல் லாகீஸ் கோட்டை வாசலைத் தோண்டியபோது, சாம்பலுக்குள் மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அதில் ஒன்றில், லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காணமுடியவில்லை என்று ஒரு காவல்காரன் எழுதியிருக்கிறான். அசெக்கா அப்போதே விழுந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஓட்டைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இனி புத்தகத்துக்கு வருவோம். எபிரெய மூலத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. எரேமியா என்பது கிரேக்க மொழிபெயர்ப்பின் முன்னுரையிலிருந்து வந்தது. ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும், நம் ஒளவையின் ஆத்திசூடிபோல் எழுத்து வரிசையில் அமைந்தவை. எபிரெயத்தில் 22 எழுத்து, அதனால் 22 வசனம். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. தமிழில் வரும்போது இந்த வரிசை மறைந்துவிடுகிறது. அறுபது வயதுக்கு மேல்தான் எனக்கே இது தெரிந்தது. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனம் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அழுது அழுது அந்தத் தெம்பும் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பண்டிதர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ!

புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில், தேவ இரக்கம் காலைதோறும் புதிது என்ற வசனம் அடிக்கடி வரும். அது இந்த மூன்றாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அட்டையில் போடுவதில்லை. தேவன் என் ஜெபத்துக்குக் கதவை அடைத்தார், கரடிபோல் பதுங்கிப் பாய்ந்தார், பருக்கைக் கல்லால் என் பல்லை நொறுக்கினார் என்றெல்லாம் அந்த மனிதர் முறையிடுகிறார். நம்பிக்கை சொன்ன பிறகும் முறையீடு ஓயவில்லை. ஜெபம் நுழையாதபடி உம்மை மேகத்தால் மூடிக்கொண்டீர் என்று அதே அதிகாரத்தில் மறுபடியும் சொல்கிறார். தேவனுடைய முகத்துக்கு நேராகவே இதைச் சொல்கிறார். இதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப்போடவில்லையே! அன்று இரவு நானும் கேள்வியாகவே ஜெபம் பண்ணினேன். அழுதுகொண்டேதான்.

யூதர்கள் ஆப் மாதம் 9-ஆம் நாள் உபவாசமிருந்து, ஜெப ஆலயத்தில் மங்கலான வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து இதை வாசிப்பார்கள். கடைசி வசனம், தேவன் தங்களை அடியோடு வெறுத்துவிட்டாரோ என்ற பயத்தில் நின்றுவிடுகிறது. அதோடு முடிக்க மனமில்லாமல், எங்களைத் திரும்ப உம்மிடம் சேர்த்துக்கொள்ளும் என்று கேட்கும் முந்தின வசனத்தை இன்னொரு முறை சத்தமாகச் சொல்லி முடிப்பார்கள்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது சில நாள் நானும் அப்படிச் செய்வதுண்டு. சில நாள் கடைசி வசனத்தோடு மூடிவைத்துவிட்டு விளக்கை அணைப்பேன்.