சுடாத துப்பாக்கிகள்

பழம்பொருள் சேர்ப்போர் எந்நாட்டிலும் உளர். ஒருவர் நாணயம் சேர்ப்பார். மற்றொருவர் தபால் முத்திரை சேர்ப்பார். வேறொருவர் பழைய கடிகாரங்களைத் தேடி ஊர் ஊராய் அலைவார். பொருள் எவ்வளவுக்கு அரிதோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு உயரும் என்பது இவர்கள் அனைவருக்கும் பொதுவான நம்பிக்கை. ஐக்கிய அமெரிக்காவிலே துப்பாக்கித் தொழிற்சாலையொன்று இந்த நம்பிக்கையையே ஒரு வியாபாரமாக்கியது; அரும்பொருளை ஆயிரக்கணக்கிற் செய்து விற்க முற்பட்டது. அதற்கு உற்ற துணையாய் நின்றது சினிமா.

ஹொலிவூட்டின் குதிரைவீரர் படங்களைக் கண்ட நேயர்கள் நெம்புகோல் துப்பாக்கியை அறிவர். அதன் விசைக்குக் கீழே வளையம் போன்ற நெம்புகோல் ஒன்று இருக்கும். அதை முன்னே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து புதிய தோட்டா மேலே வரும். நெம்புகோலைப் பின்னே இழுத்தால் துப்பாக்கி மறுபடியும் சுடுவதற்கு ஆயத்தமாகிவிடும். ஒவ்வொரு முறையும் மருந்தும் குண்டும் இட்டு இடித்துச் சுட்ட காலத்தில் இது பெரும் புதுமை. சட்டை தயாரித்துப் பொருளீட்டிய ஒலிவர் வின்செஸ்டர் என்பவர், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் இத்தொழிலில் முதலிட்டார். 1866இல் அவருடைய கம்பனி அவர் பெயரையே தாங்கியது. 1873இல் வெளிவந்த மாதிரி பெரும்புகழ் பெற்றது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் அம்மாதிரியிற் செய்யப்பட்டன.

அரிய பொருளுக்கு உயர்ந்த விலை என்னும் எண்ணம் அக்கம்பனிக்கு அப்பொழுதே தோன்றியது. சோதனையின்போது மிகத் திருத்தமாகக் குறிதவறாது சுட்ட குழல்களைத் தனியே பிரித்து, மெருகும் வேலைப்பாடும் கூட்டி, ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து, நூறு டொலருக்கு விற்கப்போவதாக 1875ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் அறிவித்தது. அக்காலத்தில் நூறு டொலர் ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு எட்டாத தொகை. வாங்குவோர் மிகச் சிலராயினர். 1873ஆம் ஆண்டு மாதிரியில் இவ்வாறு செய்யப்பட்டவை நூற்று முப்பதுக்குச் சற்று மேற்பட்டவையே. வாங்கியவர்களும் அவற்றைப் பேழையில் வைத்துப் பூசிக்கவில்லை. வேட்டைக்குக் கொண்டுசென்றார்கள், மழையில் நனைத்தார்கள், சேணத்தில் உரசித் தேய்த்தார்கள். காலப்போக்கில் அவற்றின் பெயரே பொதுமக்களின் நினைவிலிருந்து அகன்றது.

அந்நினைவை மீட்டது ஒரு படம். 1950இல் அன்ரனி மான் நெறிப்படுத்த, ஜேம்ஸ் ஸ்டூவட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ வெளிவந்தது. 1876ஆம் ஆண்டு அமெரிக்க சுதந்திர தினத்தன்று நடக்கும் குறிசுடும் போட்டியொன்றில் ‘ஆயிரத்தில் ஒன்று’ துப்பாக்கி பரிசாகக் கிடைக்கிறது. அது களவு போகிறது. கைமாறிக் கைமாறி, பெற்றவரையெல்லாம் அழிவுக்கு இட்டுச்செல்கிறது. படத்துக்கு விளம்பரம் தேடிய யுனிவேர்சல் நிறுவனம், எஞ்சியிருக்கும் உண்மையான துப்பாக்கிகளை வைத்திருப்போர் முன்வருமாறு நாடெங்கும் அறிவித்தது. இருபதுக்கு மேற்பட்டவை வெளிப்பட்டன. அன்று தொடங்கி அவை சேகரிப்போரின் கனவுப் பொருள்களாயின.

திரை வளர்த்த புகழ் இதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. 1939இல் ஜோன் ஃபோட் இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில், இளம் ஜோன் வெயின் பாலைநிலத்திடை நின்று, அகன்ற வளையமுடைய நெம்புகோல் துப்பாக்கியை ஒரு கையாற் சுழற்றிக் காட்டிய காட்சி அவரை நட்சத்திரமாக்கியது. கதை நிகழும் காலமோ 1880ஐ ஒட்டியது. கையிலிருந்த துப்பாக்கியோ 1892ஆம் ஆண்டு மாதிரி! ஹொலிவூட் அப்பிழையைப் பெரிதாக எண்ணவில்லை. அம்மாதிரி பத்து இலட்சத்துக்கு மேல் தயாராகியிருந்ததால் எளிதிற் கிடைத்தது. குண்டில்லாமல் ஓசையும் புகையும் மட்டும் தரும் படப்பிடிப்புத் தோட்டாக்களும் அதற்குப் பொருந்தின. 1958 முதல் 1963 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘ரைஃபிள்மான்’ தொடரிலும், 1969இல் வெளிவந்து வெயினுக்கு ஒஸ்கார் பரிசு பெற்றுத்தந்த ‘ட்ரூ கிரிட்’ படத்திலும் வளையத் துப்பாக்கிகள் சுழன்றன.

இந்த ஆர்வத்தை வின்செஸ்டர் கம்பனி அறுவடை செய்தது. 1964இல் வயோமிங் மாநிலத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, ஏறத்தாழ 1,500 நினைவுத் துப்பாக்கிகளை வெளியிட்டது. வரவேற்பைக் கண்டு, 1966இல் தன் நூற்றாண்டுக்கென ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைச் செய்தது. இவையெல்லாம் 1894ஆம் ஆண்டு மாதிரியின் உடலில் பொன்முலாமும் சித்திரமும் சேர்த்தவை. 1979இல் வெயின் இறந்தார். 1981இல் அவர் பெயரால் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் துப்பாக்கிகள் வெளிவந்தன. வெள்ளீய நிற உடல், பக்கங்களிற் செதுக்கிய சித்திரங்கள், அகன்ற வளையம், அவர் உருவம் பொறித்த பெட்டியில் தனித் தோட்டாக்கள் என எதற்கும் குறைவில்லை. ஆயினும் அவர் திரையிற் சுழற்றியது 1892ஆம் ஆண்டு மாதிரி. நினைவாக விற்கப்பட்டதோ 1894ஆம் ஆண்டு மாதிரி.

இவற்றைப் பேணுவோரிடையே கண்டிப்பான ஒரு விதி உண்டு. துப்பாக்கி சுடப்படலாகாது, நெம்புகோலை வீணே அசைத்தலும் ஆகாது. அசைத்தால் உலோகத்தில் மெல்லிய கீறல் விழும். விழுந்தால் விலையும் விழும். பெட்டியும் உறையும் சிறு காகிதமும்கூடக் கெடாமல் இருத்தல் வேண்டும். பின்னாளில் பெருந்தொகை தரும் முதலீடு என்று எண்ணியே பலர் வாங்கினர். ஆனால் எதிர்பார்த்த விலை பெரும்பாலானவற்றுக்கு வரவில்லை. காரணம் எளிது. எல்லோரும் பேணி வைத்தமையால் எதுவும் அழியவில்லை. அழியாத பொருள் அரும்பொருள் ஆவதெங்ஙனம்?

மற்றொரு விநோதமும் நிகழ்ந்தது. முதல் நினைவுத் துப்பாக்கி வந்த அதே 1964இல், செலவைக் குறைக்கும் பொருட்டுக் கம்பனி தன் தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்கு முற்பட்ட சாதாரணத் துப்பாக்கிகளே தரமானவை என்று சேகரிப்போர் தீர்ப்புக் கூறினர். பொன்முலாம் பூசியது காத்திருக்க, குடியானவன் கொட்டிலில் தூசுபடிந்து கிடந்தது விலையேறியது.

விலையினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. இவை எதை நினைவூட்டுகின்றன? ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்பது கம்பனி இருபதாம் நூற்றாண்டிற் பரப்பிய விளம்பர வாசகம். வரலாறோ வேறொன்றும் கூறுகிறது. 1876 யூன் 25இல் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் ஜெனரல் என அழைக்கப்பட்ட கஸ்டரின் படையினர் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா இட்டுச் சுடும் துப்பாக்கிகளையே ஏந்தியிருந்தனர். அவர்களை வென்ற லக்கோட்டா, செயென் வீரரிற் பலரிடம் நெம்புகோல் துப்பாக்கிகள் இருந்தன. 1983இல் அங்கே மூண்ட புல்தீக்குப்பின் நடந்த அகழாய்வில் அத்தோட்டாக் கூடுகள் மண்ணிலிருந்து கிடைத்தன. அன்று வென்றவர்களும் தம் நிலத்தைக் காக்க முடியவில்லை. அவர்களின் தலைவரான கிறேசி ஹோர்ஸ் 1877இல், காவலில் இருந்தபோது சிப்பாயின் துப்பாக்கி ஈட்டியாற் குத்துண்டு இறந்தார். 1983இல் அவர் பெயராலும் நினைவுத் துப்பாக்கி விற்பனைக்கு வந்தது. மேற்கை வென்றதாகப் பறைசாற்றிய கம்பனியின் முத்திரையும், மேற்கை இழந்தவரின் பெயரும் ஒரே இரும்பில் இடம்பெற்றன.

2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது. வின்செஸ்டர் பெயர் தாங்கிய நெம்புகோல் துப்பாக்கிகள் பின்னர் ஜப்பானிலே தயாராயின. பெட்டிகளில் உறங்கிய நினைவுத் துப்பாக்கிகளிற் சில, விலை உயராமையால் வேட்டைக்காரர் கைக்குச் சென்று, முதன்முறையாகச் சுடத் தொடங்கின. எஞ்சியவற்றைப் பயனற்றவை என்று ஒதுக்குதல் தகாது. 1876ஆம் ஆண்டைப் பற்றி அவை சொல்லக்கூடியது சொற்பம். இருட்டு மண்டபத்தில் அமர்ந்து திரையை நோக்கிய ஒரு தலைமுறை எத்தகைய வீரத்தை விரும்பிற்று, தன் முன்னோரின் கதையில் எதைக் கேட்க விரும்பாது விட்டது என்பதை, அந்தக் கீறல் விழாத இரும்பு வருங்கால வரலாற்றாசிரியனுக்குத் தெளிவாகவே கூறும்.